டிபரன்சல் கவரில் கசிவு இல்லை

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்கள் முன்னால் என்னைப் பேசச் சொன்னார்கள். மூன்று வாக்கியம் பேசினேன். நாலாவது வரவில்லை. நீங்கள் கைதட்டி என்னைக் காப்பாற்றினீர்கள். முப்பது வருடம் லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை செய்தவனுக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. சாதாரண தரம் வரைதான் படிப்பு. ஆனாலும் தனியாக உட்கார்ந்தால் ஓரளவுக்கு எழுத வரும். அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதி அனுப்புகிறேன்.

எதை எப்படிக் கழற்றுவது, பூட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் போனில் பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது போனில் கிடைக்காதது. என்னால் நடந்த ஒரு பிழை.

வட்டகொடைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கராஜ் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் திறப்பு. காலையில் மூடுபனி உள்ளே வந்து எங்களோடு வேலை செய்யும். கையில் இருக்கும் ஸ்பேனர் ஐஸ் மாதிரி இருக்கும். பத்து மணியானால் தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்து வாடும் வாசனை இறங்கும். அந்த வாசனை வந்தால்தான் எங்களுக்குத் தேத்தண்ணி நேரம். இப்போது வீட்டில் சும்மா இருக்கும்போதும் பத்து மணிக்கு என் மூக்கு அதைத் தேடுகிறது. இடுப்பு வலி மட்டும் இல்லாவிட்டால் இன்னும் அங்கேதான் இருந்திருப்பேன்.

அந்தப் பிழை நடந்த வருடம் தோட்டத்துக்கு ஒரு சான்றிதழுக்காகப் பரிசோதனைக்காரர்கள் வருவதாக இருந்தது. தொழிற்சாலை, கொழுந்து நிறுக்கும் மடுவங்கள், வாகனங்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள் என்றார்கள். உதவி மேனேஜரான சின்னத் தொரை ஒவ்வொரு வாகனமாகச் சுற்றி வந்தார். இளம் வயது, கெட்டிக்காரர், எதையும் ஒரு முறைக்கு மேல் சொல்லமாட்டார். கொழுந்து லொறிக்குப் பின்னால் குனிந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

பின் அச்சின் நடுவில் சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும் டிபரன்சல் கவரைப் பார்த்துத்தான் அவர் முகம் சுளித்தது. அதன் கோலம் அப்படி. பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. துரு பழுப்பாகக் கொப்பளித்திருந்தது. கீழ்ப்பாதியில் மண்ணும் ஒயிலும் சேர்ந்து கறுப்பு அடை. பார்த்தவர்கள் எல்லோரும், இது போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். பாகம் எதுவும் கிடைக்காத வருடம் அது. கியர் ஒயில் வாங்கக்கூட அட்டனுக்கு மூன்று தடவை அலைய வேண்டும். புதுக் கவருக்கு எங்கே போவது?

நான் ஒரு நாள் முழுவதும் அந்தக் கவரோடு இருந்தேன். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே போனேன். எங்கேயும் சத்தம் மந்தமாக விழவில்லை. துரு தோலோடு நின்றுவிட்டது, உள்ளே இரும்பு கெட்டி. கீழே இருந்த ஒயில் அடை, யாரோ முன்பு சரியாக இறுக்காமல் விட்ட வடிகால் போல்ட்டிலிருந்து வந்தது. போல்ட்டை இறுக்கினேன். இரண்டு நாள் லொறியை ஓட விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

அந்தத் தீர்ப்பு சரியாக இருந்தது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. பார்வைக்குக் கெட்டதாக இருப்பது கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நான் இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மெக்கானிக் என்று பெயர் எடுத்திருப்பேன்.

பெயின்ட் வாங்கத் தலவாக்கலைக்குப் போனேன். கடையில் கூட்டம். நான் எங்கே அடிக்கப்போகிறேன் என்று கடைக்கார நானா கேட்டார். சொன்னேன். டப்பாவை மேசையில் வைத்தபடி அவர் சொன்னார்:

“டிபரன்சலுக்கு மேல சின்னதா ஒரு மூச்சுத் துளை ஈக்குமே தம்பி. துணி வெச்சிக் கட்டிட்டுத்தானே அடிப்பீங்க?”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருட மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மிச்சத்தைக்கூட எண்ணாமல் இறங்கி வந்தேன். வெட்கப்பட்டுத் தலையாட்டிய விஷயம் மனதில் தங்குவதில்லை. கேள்வி முடிந்துவிட்டது என்று மனம் அதை மூடிவிடுகிறது.

மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிப்பூச்சுக் கொடுத்து, காய வைத்து, மேலே பளபளப்புக் கறுப்பு இரண்டு தரம் அடித்தேன். கவர் மட்டும் பளபளத்தால் அச்சு அசிங்கமாகத் தெரியும் என்று அதற்கும் சேர்த்து அடித்தேன். அச்சின் மேலே கட்டைவிரல் நுனி அளவுக்குத் துருப்பிடித்த ஒரு மூடி இருந்தது. அதையும் விடவில்லை. டிபரன்சல் மூச்சு விடுவது அந்த மூடிக்குள் இருக்கும் துளை வழியாகத்தான். மேட்டில் ஏறும்போது ஒயில் சூடாகி உள்ளே காற்று விரியும், அந்த வழியாக வெளியே போகும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் பிரஷ் போய்விட்டது.

லொறியின் டிரைவர் மருதமுத்து. பத்து வருடமாக அதே லொறி. என்னை விட ஆறேழு வயது இளையவர். அவருடைய மனைவி பார்வதி மலையில் கொழுந்து எடுப்பவர். பெயின்ட் அடித்த கவரைக் குனிந்து பார்த்துவிட்டு மருதமுத்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பரிசோதனை முடிந்த பிறகும் அவர் விடவில்லை. தினமும் கடைசி நடை முடிந்ததும் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் லொறியைக் கழுவி, துணியால் கவரைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மடுவத்தில் கொழுந்து ஏற்றும் பெண்களுக்கு அது பெரிய வேடிக்கை.

“ஏண்ணே, லொறிக்கு முன்னாடியெல்லாம் துரு, பின்னாடிக்கு மட்டும் பவுடரா?” என்று ஒருத்தி கேட்டாளாம். பொட்டு வைத்துக்கொள்ளக் கண்ணாடி இல்லாவிட்டால் இங்கே வரலாம் என்று மருதமுத்து பதில் சொன்னாராம். என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து, எப்போதும் போல் லொறி குளிர்ந்து கிடக்கும் காலை நேரத்தில் ஒயில் மட்டம் பார்த்தேன். ஒயில் ஊற்றும் துளையில் விரலை விட்டால் நுனியில் ஒயில் பட வேண்டும். படவில்லை. முன்பு சரியாக ஊற்றாமல் விட்டிருப்போம் என்று நினைத்து நிரப்பினேன். பத்து நாளில் திரும்பவும் குறைந்தது. நிரப்பினேன். மறுபடியும் குறைந்தது. ஸ்டோரில் ஒயில் எடுத்ததைச் சின்னத் தொரை கவனித்துவிட்டார். அந்த நாட்களில் கியர் ஒயில் தங்கம் மாதிரி. வெளியில் கொடுத்தால் கேட்ட விலை கிடைக்கும்.

ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கதவோரத்தில் மருதமுத்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“கவர்ல லீக் இருக்கா?” என்று சின்னத் தொரை கேட்டார்.

“இல்லீங்க சார்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“கவர்ல கசிவு இல்லீங்க சார். காஞ்சு கெடக்கு.”

“அப்ப ஒயில் எங்க போச்சு?”

நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியவில்லை. மருதமுத்து என்னைப் பார்ப்பது பக்கவாட்டில் தெரிந்தது. நான் தரையில் இருந்த கால்மிதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் ஒரு தடவை பொல்பிட்டியப் பக்கம் லொறி நின்றுபோய், கேனில் டீசல் கொண்டுபோய் ஊற்றியபோது, மிஞ்சிய அரைப் போத்தலைக்கூடத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர். அது எனக்குத் தெரியும். கூடப் போனவன் நான்தான். ஆனால் சின்னத் தொரை என்னிடம் கேட்டது கவரைப் பற்றி. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நின்றேன்.

ஒயிலை அவர்தான் விற்றார் என்று முடிவு செய்து மருதமுத்துவிடமிருந்து சாவியை வாங்கினார்கள். மறுநாள் முதல் கவ்வாத்து வேலைக்குப் போகச் சொன்னார்கள். பத்து வருடம் ஸ்டியரிங் பிடித்தவர், தேயிலைச் செடி வெட்டும் கத்தியோடு காலைப் பெரட்டில் போய் நின்றார். பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியும், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் முழுத் தோட்டமும் நிற்கும். வரிசையில் யாரோ, “மாப்ள, கத்தியையாவது வித்துராத” என்று சொல்லியிருக்கிறான். பெண்கள் வரிசையில் பார்வதி நின்றிருக்கிறாள்.

லொறியைச் சுனில் என்ற சிங்களப் பையனிடம் கொடுத்தார்கள். நல்ல டிரைவர், தமிழும் நன்றாகப் பேசுவான். அண்ணன் என்பதை மட்டும் சிங்களத்தில் அய்யே என்பான். நாலாம் நாள் மத்தியானம் கராஜுக்கு வந்தான்.

“அய்யே, பிரேக் மிதிச்சாக் கொஞ்சம் போய்த்தான் நிக்குது. மருதமுத்து இத எப்புடி ஓட்டுனாரு?”

எப்படி ஓட்டினார் என்று எனக்குத் தெரியும். இறக்கத்தில் முதல் கியரில்தான் வருவார். பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். அவருடைய ஓட்டத்தின் நல்ல பழக்கம் ஒரு கோளாறை மறைத்து வைத்திருந்தது.

பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி டிரம்மைத் திறந்தேன். உள்ளே பிரேக் கட்டை கியர் ஒயிலில் ஊறிக் கிடந்தது. அச்சிலிருந்து ஒயில் சக்கரத்துக்கு வராமல் மறிக்கும் சீல் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மற்றப் பக்கத்தையும் திறந்தேன். அங்கேயும் அதே. இரண்டு சீலும் ஒரே நேரத்தில் தேயுமா? லொறிக்கு அடியில் போய் ஒயில் ஊற்றும் போல்ட்டைத் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. டயரைக் குத்தினால் வருகிற மாதிரி. கையில் சூடான ஒயில் தெறித்தது.

படுத்தபடியே கையை மேலே விட்டு அந்தச் சின்ன மூடியைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. என்னுடைய பெயின்ட். இரண்டு பூச்சு.

மூச்சு விட வழியில்லாமல் உள்ளே இருந்த காற்று, ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒயிலை இரண்டு சக்கரப் பக்கமும் தள்ளியிருக்கிறது. கவரில் எப்படிக் கசிவு இருக்கும்?

சுனில் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். கராஜில் நான் தனியாக இருந்தேன். பிரஷ்ஷிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். ஒரு குத்துக் குத்தினால் துளை திறந்துவிடும். பிறகு சீல் போய்விட்டது என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. மருதமுத்துவின் மேல் இருக்கும் திருட்டுப் பழியும் போய்விடும். என் பெயர் எங்கேயும் வராது.

ஆனால் சீல் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சீல் போனால் டிரைவரைத்தான் கேட்பார்கள். இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்துச் சூடாக்கினான், அளவுக்கு மேல் ஏற்றினான் என்பார்கள். திருடன் என்ற பெயர் போய், லொறியைக் கெடுத்தவன் என்ற பெயர் வரும். இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வைக்கிற வேலை அது.

அந்த நேரத்தில் கீழ் மடுவத்திலிருந்து போன் வந்தது. மத்தியானக் கொழுந்து நிறுத்து வைத்தாகிவிட்டது, லொறி எங்கே என்று. கொழுந்து சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். பிறகு அதில் தேத்தூள் வராது. சுனில் ஓடி வந்து சக்கரத்தைப் பூட்டச் சொன்னான். ஒரு நடை மட்டும் மெதுவாகப் போய் வருகிறேன் என்றான். லொறி கீழே இறங்காது என்று சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கம்பியை மேசையில் வைத்தேன். துளையைத் திறக்கவில்லை. திறந்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. மருதமுத்து தினமும் கவரைத் துடைத்த மாதிரி நானும் என் பிழையைத் துடைத்ததாகிவிடும்.

லொறி வரவில்லை என்று கேள்விப்பட்டுச் சின்னத் தொரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கோபம் முகத்தில் தெரிந்தது. கொழுந்துக்கு டிராக்டரை அனுப்பச் சொன்னேன். பிறகு, “மருதமுத்துவையும் கூப்பிடுங்க சார். அவரு இருக்கணும்” என்றேன். எதற்கு என்று கேட்டார். அவர் வந்ததும் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை.

மருதமுத்து முழங்கால் வரை மண்ணோடு, கையில் கத்தியோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

டயருக்குக் காற்றடிக்கும் குழாயை எடுத்து, ஒயில் ஊற்றும் துளையில் துணி சுற்றிச் செருகி, கொஞ்சமாகக் காற்று விட்டேன். எல்லோரையும் சக்கரப் பக்கம் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கத்துச் சீலையும் சுற்றி ஒயில் முத்து முத்தாக வெளியே வந்து, ஒன்று சேர்ந்து, கீழே வழிந்தது. பிறகு கம்பியை எடுத்து மேலே இருந்த மூடியில் குத்தினேன். கறுப்புத் தோல் உடைந்து காற்று அந்த வழியாகப் போனது. சக்கரப் பக்கம் ஒயில் வருவது நின்றது.

சின்னத் தொரை கெட்டிக்காரர் என்று சொன்னேனே. உடனே புரிந்துகொண்டார்.

“இத யாரு அடைச்சது?”

“நான்தாங்க சார். அது என் பெயின்ட்டு.”

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பிரேக் கட்டைகளையும் சீல்களையும் மாற்றும் வரை லொறி நிற்கட்டும் என்றார். சரியானதும் மருதமுத்து சாவியை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். மோட்டார் சைக்கிளைக் கிளப்பிப் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை, என் வாயிலும்.

சுனில் ஒதுங்கிப் போனான். மருதமுத்து மட்டும் நின்றார். ஒயில் வழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெயின்ட்டு கை தவறுனது. அது எனக்குப் பெரிசில்லண்ணே” என்றார். “அன்னைக்கு ஆபீஸ்ல கவரப் பத்திக் கேட்டாங்க, சொன்னீங்க. மருதமுத்து எடுக்க மாட்டான்னு ஒரு வார்த்தை வந்துச்சா?”

கவரைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள் என்று நான் ஏதோ முனகினேன்.

“இரும்பு சொன்னாத்தான் நம்புவாங்களா? சரி, இங்க நாலு பேரு பாத்தாச்சு. பார்வதி தெனமும் பெரட்டுக்குப் போறா. அங்க யாரு காட்டுறது?”

கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கே திரும்பிப் போனார். அன்றைய வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது.

தம்பி தங்கைகளே, மூச்சுத் துளையைக் கட்டிவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். அது சின்னப் பாடம். நம்மிடம் கொண்டுவரும் ஒவ்வொரு கோளாறுக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் நிற்பார். இயந்திரத்தைப் பற்றி நாம் சொல்லும் பதில் அந்த ஆளின் தலையில் போய் விழும். காரணம் தெரியாவிட்டால், தெரியவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்ற இடத்தில் சின்னத் தொரை தனக்குத் தெரிந்த பதிலைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்குப் போனேன். கராஜ்காரனுக்கு அங்கே வேலை இல்லை. பனியில் ஆட்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். எல்லோரும் திரும்பினார்கள்.

“லொறி ஒயில மருதமுத்து எடுக்கல. நான் பெயின்ட் அடிச்சதாலதான் ஒயில் வெளிய போச்சு. அவரு எடுக்கிற ஆளு இல்லன்னு எனக்கு மொதல்லயே தெரியும். ஆபீஸ்ல கேட்டப்ப சொல்லாம நின்னுட்டேன்.”

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கத்தியைப் பற்றிக் கிண்டல் செய்தவன் குனிந்து கால்விரலைப் பார்த்தான். ஆண்கள் வரிசையில் மருதமுத்து அசையாமல் நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து பார்வதியின் குரல் வந்தது. சத்தமாக இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்தக் குளிர்ல நீங்க இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்க வேணாமேண்ணே.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக மலை ஏறினாள். அவளுக்குப் பின்னால் வரிசை நகர்ந்தது.